சோளக்குழி விளக்கு

ராமுத்தாய்க்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பகை வண்டுதான். மாமியாரோடுகூட ராசியாகிப் போனவள், வண்டோடு மட்டும் ராசியாகவில்லை. மண் குலுக்கையில் கொட்டிவைத்த கம்புக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பாள். உள்ளங்கையில் ஒன்று ஊர்ந்தால் போதும், அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. வீட்டு ஆண்கள் மூட்டை தூக்க வேண்டும், முற்றம் முழுக்கத் தானியம் காய வேண்டும், கோழிகளுக்கு மட்டும் கொண்டாட்டம். துவரைக்குச் செம்மண் கட்டுவாள். உளுந்துக்குச் சாம்பல் கலப்பாள். குலுக்கைக்கு அடியில் நொச்சித் தழையும் வசம்பும் போடுவாள். வேகாத வெயிலில் நின்று நாம் விளைய வைத்தால், இதுகள் நோகாமல் உள்ளே உட்கார்ந்து தின்னுமா என்பது அவளுடைய நியாயம். அதற்கு வண்டு என்ன பதில் சொல்லும்?

சோளத்தைப் பற்றி மட்டும் அவளுக்குக் கவலையே இல்லை. சோளம் குழிக்குப் போய்விடும். குஜிலியம்பாறைப் பக்கத்து மண் உழுகிறவனுக்குத்தான் பொல்லாதது, குழிக்கு நல்லது. மேலே சரளை, கீழே இறுகிப்போன சுக்கான் பாறை. தண்ணீர் உள்ளே சுவறாது. வீட்டுக்குப் பின்னால் களத்து ஓரத்தில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாயும், உள்ளே போகப் போக அகன்ற வயிறுமாக அந்தக் குழி இருந்தது. மாசியில் சோளத்தை அடித்துக் காயவைத்து, குழியின் ஓரமெல்லாம் வைக்கோல் பரப்பிக் கொட்டி, வாயைப் பலகைக்கல்லால் மூடி, மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிவிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட வண்டுகள் இருக்கிற நல்ல காற்றையெல்லாம் மூச்சுவிட்டே தீர்த்துவிடும். பிறகு மூச்சுவிட வழியில்லாமல் தாமே செத்துப்போகும். மருந்து கிடையாது, மாயம் கிடையாது. எதிரி தன் கையாலேயே ஒழிந்து போகிற இந்த ஏற்பாட்டில் ராமுத்தாய்க்கு இருந்த திருப்தி கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் வண்டைக் கொன்ற காற்று மனிதனை மட்டும் விட்டுவிடுமா? அதற்கு ஒரு முறை உண்டு. கல்லை நகர்த்தினால் மறுநாள் வரைக்கும் குழி சும்மா திறந்து கிடக்க வேண்டும். பிறகு அகல் விளக்கை உறியில் வைத்துக் கயிறு கட்டி உள்ளே இறக்குவார்கள். விளக்கு நின்று எரிந்தால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரிந்தும், அறுபத்து நாலாம் வருஷம் வைகாசியில், ராமுத்தாய் விளக்கு வேண்டாம் என்று சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு ஒரே மகள், சின்னக்கண்ணு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து பரிசம் போட வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ எல்லாம் வைத்து, குத்துவிளக்கை ஏற்றி, பெரியவர் ஒருவர் பேச வாயெடுக்கிற நேரம், எங்கிருந்தோ வந்த காற்று விளக்கை அணைத்துவிட்டது. ஆக்கிவைத்த விருந்தை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். வெஞ்சனத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, பொருத்தம் சரியில்லை என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்த இடங்களும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போயின. அன்றிலிருந்து சின்னக்கண்ணு எந்த விளக்கை ஏற்றினாலும் ஒரு கையால் மறைத்துக்கொண்டுதான் ஏற்றினாள்.

இப்போது கூடிவந்திருப்பது திண்டுக்கல் இடம். மாப்பிள்ளையின் தகப்பனார் ஆவுடையப்பன், டவுனில் அரிசி மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் மேஸ்திரி. தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, சகுனம் பார்ப்பார். சும்மா கொஞ்சநஞ்சம் அல்ல. பூனை குறுக்கே போனால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒருதரம் பழனிக்குப் போக ஏறி உட்கார்ந்தவர், கண்டக்டர் ஒற்றைத் தும்மல் போட்டார் என்று பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டாராம். பெண் பார்க்க வந்த அன்றைக்கும், பல்லி சரியான பக்கம் சொன்ன பிறகுதான் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கினார்.

வேடசந்தூர்க் கதை அவர் காதுக்கு எட்டவில்லை என்று ராமுத்தாய் நம்பிக்கொண்டிருந்தாள். முகூர்த்தக்கால் ஊன்றியாகிவிட்டது. இனித் தாலி ஏறும்வரை தன் வீட்டில் ஒரு விளக்கும் அணையக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு திரிந்தாள். அரிக்கன் விளக்கைக்கூட ஊதி அணைக்க விடாமல் திரியைத் தணித்து வைக்கச் சொன்னதில், மண்ணெண்ணெய் செலவு ஏறியதுதான் மிச்சம்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போதே சிறுமலை அடிவாரத்துச் சொந்தம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கிவிட்டது. கல்யாணப் பந்திக்கு நெல்லுச்சோறு. அதுவரைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் சோளச்சோறுதான். வீட்டில் இருந்த சோளமோ அன்று காலையோடு தீர்ந்துவிட்டது. குழியைத் திறக்க வேண்டியதுதான் என்று ராமுத்தாயின் புருஷன் சோலைமுத்துவும் அவள் தம்பி மொக்கைச்சாமியும் போய்க் கல்லை நகர்த்தினார்கள்.

மொக்கைச்சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாய் முகம் தெரியாத பிள்ளை. ராமுத்தாய்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்கு வந்தபோதும் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். இப்போது மீசை வைத்து, தனிக் காடு வைத்து, பிள்ளைகுட்டிக்காரனாகிவிட்டான். ஆனாலும் அக்கா ஒன்று சொல்லி அவன் மாட்டேன் என்றது கிடையாது. சின்னக்கண்ணுவுக்குத் தாய்மாமன் அவன். மணவறையில் அவன் மாலை போடாமல் அந்தக் கல்யாணம் நடக்காது.

சோலைமுத்து குழியின் வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். புழுங்கின வாடை அடித்தது. இன்றைக்குக் கிடக்கட்டும், நாளைக்கு விளக்கு இறக்கிப் பார்த்துவிட்டு எடுப்போம் என்றார். ராமுத்தாய்க்குச் சுள்ளென்று வந்தது.

"காலு ஊண்டுன வீட்ல வெளக்க எறக்கி அணைய விட்டுப் பாப்பீகளா? அணைஞ்சா நாளைக்கு அந்த மனுசன் காதுக்குப் போகாதா? போன மாசம்தான தொறந்து பாதிய எடுத்தோம். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

முதல்முறை திறந்து பாதியை எடுத்து மறுபடி மூடின குழிதான் இன்னும் மோசம். மேலே உள்ள வெற்றிடம் முழுக்கக் கெட்ட காற்று நிற்கும், இறங்கினால் தலை வரை முழுகிவிடும். அது சோலைமுத்துவுக்குத் தெரியும். ராமுத்தாய்க்கும் தெரியாமல் இல்லை. தெரிந்ததை எல்லாம் அந்த ஒரு பயம் மறைத்துவிட்டது. சோலைமுத்து முணுமுணுத்துக்கொண்டு சாக்கு எடுக்கப் போனார். மொக்கைச்சாமி சிரித்தான்.

"விடுங்க மாமா, அக்கா சொன்னாச் சரிதான். மேலாக அள்ளிப் போட்டுட்டு ஏறிருறேன்" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டி, ஓலைப்பெட்டியோடு குழிக்குள் இறங்கினான்.

ஒரு பெட்டி சோளம் கயிற்றில் மேலே வந்தது. ராமுத்தாய் வாங்கிக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியை உள்ளே விட்டாள். இரண்டாவது பெட்டி வரவில்லை. கயிற்றைச் சுண்டிப் பார்த்தாள். தம்பி என்றாள். ஏலே மொக்கை என்றாள். பதில் இல்லை. குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கண் பழகின பிறகு தெரிந்தது. சோளத்தின்மேல் முகம் கவிழ்ந்து, பெட்டியில் ஒரு கையைப் போட்டபடி, தூங்குகிறவன் மாதிரிக் கிடந்தான்.

அவள் போட்ட சத்தத்தில் சோலைமுத்து சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். வந்த வேகத்தில் துண்டை வீசிவிட்டுக் குழிக்குள் காலை விட்டார். அந்த நேரம் பின்னாலிருந்து ஒரு கை அவர் இடுப்பு அரைஞாணைப் பிடித்து இழுத்து, அப்படியே தரையில் தள்ளியது. தள்ளியவர் ஆவுடையப்பன்.

கல்யாணத்துக்கு வண்டி அனுப்ப வேண்டாம், தனிப் பஸ்ஸே பிடித்து வருகிறோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போக வந்தவர் அவர். வீட்டு வாசலில் ஆள் இல்லையே என்று பின்பக்கம் வந்திருக்கிறார். ராமுத்தாய் அவரைப் பார்த்தாள். தம்பி உள்ளே கிடக்கிறான், சம்பந்தி வெளியே நிற்கிறார். இரண்டும் போயிற்று என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷத்தில் கல்யாணம் போனது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவன் எழுந்தால் போதும் என்றிருந்தது.

"ஒருத்தரும் உள்ள எறங்கக் கூடாது. எறங்குனா ரெண்டு பொணம். கமலை வடத்தக் கொண்டாங்க, ரெண்டு கொண்டாங்க" என்றார் ஆவுடையப்பன்.

சொன்ன குரலில் சகுனம் பார்க்கிறவரின் தயக்கம் ஒன்றும் இல்லை. சிறுமலைச் சொந்தக்காரர்கள் கிணற்றுமேட்டுக்கு ஓடினார்கள். பந்தலுக்கு வெட்டிக் கிடந்த புங்கங்கொப்புகளை அவர் அள்ளினார், ஒரு கட்டாகக் கட்டினார், குழிக்குள் விட்டு மேலும் கீழும் குத்தச் சொன்னார். அடியில் கிடக்கிற காற்று கலைந்து மேல்காற்று உள்ளே போகட்டும் என்றார். ராமுத்தாய் அந்தக் கொப்பை வாங்கிக் குத்தினாள். கல்யாணப் பந்தலின் தழை என்று அவளுக்கு அப்போது ஞாபகமே இல்லை.

வடம் வந்தது. ஒன்றை ஆவுடையப்பன் தன் அக்குளுக்கடியில் கட்டிக்கொண்டார். இன்னொன்றின் முனையில் சுருக்குப் போட்டுக் கையில் பிடித்தார்.

"நான் சுண்டுனதும் என்னைய இழுங்க. சுண்டாட்டியும் செத்த நேரத்துல இழுத்துருங்க. உள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நிக்காதீக."

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். விழுந்ததுபோலத்தான் இறங்கினார். ராமுத்தாய் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தாள். வடம் சுண்டியது. ஆட்கள் இழுத்தார்கள். கண் பிதுங்க மேலே வந்தவர், பேச முடியாமல் மற்ற வடத்தைக் காட்டினார். அதையும் இழுத்தார்கள். சுருக்கில் இரண்டு அக்குளும் மாட்டி, தலை தொங்க, மொக்கைச்சாமி வெளியே வந்தான். முகம் நீலம் பாரித்திருந்தது.

அவனைக் களத்தில் காற்று வரும் பக்கமாகக் கிடத்தினார்கள். ஆவுடையப்பன் முதுகைத் தட்டினார், நெஞ்சை அழுத்தினார், முறத்தால் வீசச் சொன்னார். ராமுத்தாய் வீசினாள். தூசு தட்டவும் சோளம் புடைக்கவும் வண்டை விரட்டவும் எடுத்த முறத்தை, தம்பிக்கு ஒரு மூச்சு வரவேண்டும் என்று வீசினாள். குலதெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை, வீசிக்கொண்டே இருந்தாள். பிறகு அவன் விலா ஒருதரம் எக்கியது. இருமினான். இன்னொருதரம் இருமி, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"ரெண்டாவது பெட்டி வந்துருச்சாக்கா?"

ராமுத்தாய் முறத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். பிறகு எழுந்து போய் ஆவுடையப்பன் காலில் விழுந்தாள். சம்பந்தி காலில் பெண் வீட்டுக்காரி விழலாமா என்று யாரோ சொன்னார்கள். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. சாமிக்கு நேர்ந்து விழுந்தவளாகத்தான் விழுந்தாள்.

அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து நீர்மோர் கொடுத்தார்கள். குடித்து மூச்சு ஆறிய பிறகு, தன் கிட்டங்கியில் நடந்ததைச் சொன்னார். அங்கே வண்டுக்கு மருந்து வைப்பார்களாம். அரிசி மூட்டை அடுக்கைத் தார்பாயால் போர்த்தி, ஓரமெல்லாம் மணல் பையை வைத்து அமுக்கி, உள்ளே மருந்தை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். முன்பு ஒருதரம், கதவு திறக்கிற நாளுக்கு முன்பே ஒருத்தன் மறந்து வைத்த துண்டை எடுக்க உள்ளே போனான். வரவில்லை. அவனைத் தூக்கப் போனவனும் வரவில்லை. அதனால்தான் சோலைமுத்துவைத் தள்ளிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். சோலைமுத்து அழுதுகொண்டே சிரித்தார்.

இனி மறைக்க ராமுத்தாய்க்கு மனசு வரவில்லை. தம்பியின் உயிரை மீட்டுக்கொடுத்த மனிதரிடம் பொய்யாக நிற்க முடியுமா? கல்யாணம் போனால் போகட்டும் என்று அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, வெளக்கு எறக்க வேணாம்னு சொன்னது நாந்தான். அணைஞ்சா நீங்க சகுனத் தடைன்னு சொல்லிருவீகன்னு பயந்தேன். எம் மகளுக்குப் பரிசம் போட வந்தப்ப ஒருக்க வெளக்கு அணைஞ்சு, அந்த எடம் விட்டுப்போச்சு. அதையும் ஒங்ககிட்டச் சொல்லல."

பின்வாசல் தூணுக்குப் பின்னால் சின்னக்கண்ணு நின்றுகொண்டிருந்தாள். ஆவுடையப்பன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அது எனக்கு மொதல்லயே தெரியும் தங்கச்சி. தெரிஞ்சுதான் கோயில்ல பூக்கட்டிப் பாத்தேன். வெள்ளப்பூ வந்துச்சு, பொறப்பட்டு வந்தேன். நான் சகுனம் பாக்குறவன்தான், இல்லேங்கல. இன்னைக்குக் காலையில வீட்ட விட்டு எறங்குனேன், பூன குறுக்க போச்சு. திரும்பப் போயி உக்காந்து தண்ணி குடிச்சேன். அதுல மொத பஸ்ஸ விட்டுட்டேன். மொத பஸ்ல வந்திருந்தா, சேதியச் சொல்லிட்டு அப்பவே திரும்பியிருப்பேன்."

சொல்லிவிட்டு, முறத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மொக்கைச்சாமியைக் காட்டினார்.

"போன உசுரு திரும்பி வந்து பெட்டியக் கேக்குது. இதுக்கு மேல ஒரு நல்ல சகுனம் எந்த வீட்ல கெடைக்கும்? போயி வெளக்கக் கொண்டாரச் சொல்லு."

சின்னக்கண்ணுதான் அகலை ஏற்றி, வழக்கம்போல ஒரு கையால் மறைத்துக்கொண்டு கொண்டுவந்தாள். வருங்கால மாமனார் அதை உறியில் வைத்துக் குழிக்குள் இறக்கினார். புங்கங்கொப்பால் அவ்வளவு குத்தியும், கொஞ்ச ஆழம் போனதும் விளக்கு சிணுங்கி அணைந்தது. எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் கயிற்றை மேலே இழுத்து, அணைந்த அகலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாளைக்கும் இதையே இறக்குங்கள், இது நின்று எரியாமல் யாரும் இறங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குப் புறப்பட்டார். பஸ் பிடித்து வருகிற பெருமையைச் சொல்ல மறந்துவிட்டு, பாதி வழி போய்த் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்றாகச் சோளம் வாங்கிச் சொந்தக்காரர்களுக்குச் சோறு போட்டார்கள். மறுநாள் இறக்கிய விளக்கு அடிவரைக்கும் போய் நின்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் சோளம் மணிமணியாகத் தெரிந்தது. சோலைமுத்து இடுப்பில் வடம் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே வந்த சோளத்தில் ராமுத்தாய் பழக்கதோஷத்தில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். செத்துக் காய்ந்த வண்டு ஒன்று கிடந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக வண்டைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவம், மூச்சு முட்டித்தானே செத்திருக்கும் என்று தோன்றியது. ஊதித் தள்ளிவிட்டு உலைக்குச் சோளம் அளக்கப் போனாள்.

முகூர்த்தத்தன்று திண்டுக்கல் பஸ் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. மணவறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ராமுத்தாய் அந்தக் குழி அகலையும் ஏற்றி வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் வைத்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள். மொக்கைச்சாமி மாலையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். வைகாசிக் காற்றுக்கு நேரம் காலம் தெரியுமா? பந்தலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, அகலை அணைத்துவிட்டுப் போனது.

சின்னக்கண்ணு தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்தாள். எதிரில் ஆவுடையப்பன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டபடி, "பொருத்து தங்கச்சி, நேரம் ஆகுது" என்றார்.

ராமுத்தாய் தீப்பெட்டியை எடுத்துக் குச்சியைக் கிழித்தாள். கையால் மறைக்கவில்லை. பக்கத்தில் மாலையோடு நின்ற தம்பிக்கு, காலையிலிருந்து ஓடியாடி வேலை பார்த்ததில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அந்த மூச்சைப் பார்த்துக்கொண்டே அவள் திரியைப் பொருத்தினாள்.